காட் மீன், முதல் தரம்

ஜூலையில் ஏழு நாள் விடுப்பு
எங்கள் மீன் ஆலையில் குதிரைக்கொம்பு.
கிடைத்துவிட்டது.
இனிக் குதிரைதான் பாக்கி.

ஜனவரி. ஹூசாவிக்கில்
பகல் பதினொன்றுக்குப் பிறந்து
மூன்றரைக்குள் போய்விடும்.
சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து
மூலைக்கொரு காப்பிக் கோப்பை வைத்தோம்.
ஏவிந்தூர் விரலாலேயே ஆறுகளைத் தாண்டினான்.
“இது முழங்கால் அளவு. இது வயிறுவரை.”
யாருடைய வயிறு என்று கேட்டாள் தோர்டிஸ்.
குதிரையுடையது என்றான்.
நான் கேக்கில் இன்னொரு துண்டு வெட்டினேன்.

நாளுக்கு முப்பது கிலோமீட்டர்.
ஆளுக்கு மூன்று குதிரை;
ஒன்றின்மேல் நாம்,
மற்றவை வெறும் முதுகோடு மந்தையாய்க் கூடவே ஓடிவரும்,
களைத்தால் மாற்றிக்கொள்ள.
இரவுக்கு, செப்டம்பரில் ஆடு தேடிப் போகிறவர்களின் குடில்,
பலகைப் படுக்கை.
உப்பிட்ட இறைச்சி தோர்டிஸ் பொறுப்பு.
மழைக் கால்சட்டை அவரவர் பொறுப்பு.
பயம் யார் பொறுப்பு என்று
எங்கேயும் எழுதவில்லை.

ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளினால் பூச்சி குறையும்,
ஆனால் இரவு வந்துவிடும் என்றான் ஏவிந்தூர்.
ஜூலையில் இருட்டே கிடையாது.
நடுராத்திரியில் விழுந்தாலும்
எல்லாருக்கும் நன்றாகத் தெரியும்.

குதிரைக்காரி ஸ்டெய்ன்வோர் ஃபோனில் கேட்டாள்:
உயரம்? எடை? ஓட்டிப் பழக்கம் உண்டா?
எண்பத்தைந்து என்றேன்.
சின்ன வயதில் நிறைய ஓட்டியிருக்கிறேன் என்றேன்.
இரண்டும் விலாங்கு மாதிரி
தாமாகவே நழுவிப் போயின.

நிறைய என்பது ஒரே தடவை.
பன்னிரண்டு வயது, யாருடைய பிறந்தநாளுக்கோ.
வேலியில் மாட்டிப் படபடத்த
பிளாஸ்டிக் பையைப் பார்த்துப் பழுப்புக் குதிரை மிரண்டது.
இடது தோளில் இன்னும் ஒரு திருகு இருக்கிறது.
குளிர் கூடப்போவது
எனக்கு முன்னால் அதற்குத் தெரியும்.

பிப்ரவரி முழுக்க
சோபாவின் கைப்பிடிமேல் இருபுறமும் காலைப் போட்டு
குதிகாலைத் தாழ்த்திப் பழகினேன்.
பூனை பார்த்துக்கொண்டிருந்தது.
அது யாரிடமும் சொல்லாது.

என் வேலை எடை போடுவது.
காட் மீன், கிராம் சுத்தமாக.
பதினெட்டு வருஷத்தில்
நான் சீட்டு ஒட்டிய ஒரு பெட்டியும் திரும்பி வந்ததில்லை.
ஒரு வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து
குழாய்த் தண்ணீர் செதில்களை அடித்துக்கொண்டு போகையில்
பெரிய தராசின்மேல் ஏறி நின்றேன்,
ரப்பர் பூட்ஸோடு.
யார் என்று அது கேட்கவில்லை.
கிர்ரென்று ஒரு சீட்டைத் துப்பியது:
காட் மீன். முதல் தரம்.
93.400.

இரவு பத்தரைக்கு ஸ்டெய்ன்வோரைக் கூப்பிட்டேன்.
தொண்ணூற்று மூன்று நானூறு,
பூட்ஸுக்கு ஒன்றரை கழித்துக்கொள் என்றேன்.
பிறகு திருகைப் பற்றி. பிறகு பையைப் பற்றி.
மறுமுனை லாயத்தில்
ஏதோ ஒன்று வைக்கோல் மென்றது,
ஏதோ ஒன்று செருமியது.
அவள் பேனா எதையோ அடிப்பதுகூடக் கேட்டது.

“எந்தப் பக்கம் விழுந்தாய்?”
இடது.
“அப்படியானால் ட்ரீஃபா வேண்டாம்.
அவள் மிரண்டால் வலதுக்குத் துள்ளுவாள்,
நீ இடதில் கிடப்பாய்.
உனக்கு மோல்டி. பதினாறு வயது, அகலமான முதுகு.
பிளாஸ்டிக் பையா?
அவன் ஒன்றைத் தின்றே இருக்கிறான்.”

சிரித்தேனா, ஞாபகமில்லை.
ஏப்ரலில் ஒரு ஞாயிறு வா என்றாள்.
ஏற வேண்டாம்,
பக்கத்தில் நில், போதும்.

சீட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன்.
பணக் கணக்குப் பார்க்க வந்த ஏவிந்தூர்
பாலெடுக்கப் போய் அதைப் படித்தான்.
இவ்வளவு பெரிய மீனா என்றான்.
ஆமாம் என்றேன்,
அந்த வயிற்றளவு ஆற்றை
மறுபடி ஒருதரம் காட்டு.